பிரேக் மிதிக்க ஓர் ஆள்

மெக்கானிக் சங்கத்து மலரில் பழைய ஆட்கள் ஆளுக்கொரு அனுபவம் எழுத வேண்டும் என்று கேட்டார்கள். மேடையில் பேசச் சொல்லியிருந்தால், உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு பிரம்மதேசத்திலேயே இருந்திருப்பேன். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். பத்தாவது வரை படித்தவன். பிழை இருந்தால் அச்சடிக்கிறவர் திருத்திக்கொள்ளட்டும்.

பிரேக் பேட் மாற்றுவது எப்படி, எந்த போல்ட்டை முதலில் கழற்றுவது என்றெல்லாம் எழுதப் போவதில்லை. புதிதாக ஸ்பேனர் பிடிக்கிற நீங்கள் அதையெல்லாம் போனிலேயே பார்த்துக்கொள்வீர்கள். பேட் மாற்றிய பிறகும் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனால், எல்லாரும் வாசலில் நின்று அவசரப்படுத்தும்போது, என்ன செய்வது என்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன். அப்படி ஒரு நாள் எனக்கு வந்தது.

மரக்காணத்தில் கடற்கரைச் சாலையை ஒட்டி, உப்பளத்துக்குப் போகும் மண்பாதை பிரிகிற இடத்தில் என் ஷெட் இருந்தது. தகரக் கூரை, நாலு பக்கமும் இரும்புக் குழாய்த் தூண், பின்னால் நான் படுத்துக்கொள்ள ஒரு தடுப்பு. இடுப்பு எலும்பு தேய்ந்துவிட்டது, இனி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, வேலை செய்கிற வயது இருக்கும்போதே அதை மூடினேன். இப்போது பிரம்மதேசத்தில் அண்ணன் வீட்டு மாடி அறையில் இருக்கிறேன்.

கூச்சப்படுகிறவனுக்கு இந்தத் தொழில் பொருத்தமானது. வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. ஓனர் வெளியே நின்று சத்தம் போட்டாலும் நமக்கு அவருடைய செருப்பு மட்டும்தான் தெரியும். பல ஓனர்களை நான் செருப்பை வைத்துத்தான் அடையாளம் வைத்திருந்தேன். உதவிக்குக்கூட ஆள் வைத்துக்கொள்ளவில்லை. வைத்தால் நாள் முழுவதும் பேச வேண்டியிருக்கும்.

ஆனால் ஒரு வேலைக்கு மட்டும் இன்னொரு மனிதர் வேண்டும். பிரேக்கில் ஏர் எடுப்பது. மலரை உங்கள் வீட்டில் மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். பிரேக் ஆயில் போகும் குழாயில் காற்று புகுந்துவிட்டால் பெடல் மெத்தென்று உள்ளே போகும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் கீழே சக்கரத்தின் பக்கம் இருந்து நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் திறந்து, ஆயிலோடு காற்றை வெளியே விட வேண்டும். கீழே இருப்பவர் நிப்பிளை மூடுகிற வரை மேலே இருப்பவர் காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும்.

ஆரம்பத்தில் வண்டியைக் கொண்டுவந்த டிரைவர்களையே மிதிக்கச் சொல்வேன். ஒரு முறை மீன் லோடு அடிக்கிற டெம்போ டிரைவர் ஒருவன் வந்தான். நான் கீழே இருந்து "புடிப்பா" என்பேன், அவன் மேலே இருந்து "புடிச்சிருக்கேன்" என்பான். குமிழ் குமிழாகக் காற்று வந்துகொண்டே இருந்தது. இருந்த பிரேக் ஆயில் எல்லாம் தீர்ந்துபோனது. ஆயிலை அழுத்தி அனுப்புகிற மாஸ்டர் சிலிண்டரே போய்விட்டது என்று முடிவு செய்து எழுந்து வந்து பார்த்தால், அவன் சீட்டில் காலை மடித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்து போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"ஏம்பா, காலு எங்க?" என்றேன்.

"நீ புடின்னு சொன்ன. நான் புடிச்சிருக்கேன்னு சொன்னேன். இன்னும் இன்னா செய்யணும்?" என்றான்.

எனக்குக் கோபம் வந்தாலும் திட்ட வராது. ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஷெட்டுக்குப் பக்கத்தில் கூழ் விற்றுக்கொண்டிருந்த அம்மா இதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கையைக் கழுவி முந்தானையில் துடைத்தபடி வந்தார். "நீ எறங்குடா. உன் காலு சம்மணம் போடத்தான் லாயக்கு" என்று அவனை இறக்கிவிட்டார். பிறகு, கோயிலுக்குள் போகிறவர் மாதிரி செருப்பைக் கழற்றி வண்டிக்கு வெளியே விட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தார். "சொல்லு மேஸ்திரி. எப்போ மிதிக்கணும், எப்போ உடணும்?"

அவர் பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது. கூழ்க்கடை அம்மா என்றே எழுதுகிறேன். அம்மா என்றாலும் என் வயதுதான் இருக்கும். எக்கியார்குப்பத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். கணவர் இளவயதிலேயே இறந்துவிட்டார். விடியுமுன் உப்பளத்தில் கூலி வேலை, வெயில் ஏறியதும் ஷெட்டுக்குப் பக்கத்தில் கேழ்வரகுக் கூழும் கருவாடும். ஒரே மகன் சதீஷைப் படிக்கவைத்து ஓசூரில் ஒரு தொழிற்சாலை வேலைக்கு அனுப்பியிருந்தார்.

அன்றிலிருந்து ஏர் எடுக்கிற வேலை வந்தால் அவர்தான் மிதிப்பார். மிதிங்க, புடிங்க, விடுங்க என்று நான் சொல்வேன். மிதிக்கிறேன், புடிச்சிருக்கேன், உட்டுட்டேன் என்று அவர் சொல்வார். பல வருடம் எங்கள் பேச்சு பெரும்பாலும் இந்தச் சொற்களுக்குள்தான் நடந்தது. அவர் வயதுப் பெண்கள் எல்லாரும் என்னை அண்ணே என்பார்கள். அவர் மேஸ்திரி என்பார். நான் அவரை என்னவென்று கூப்பிடுவது என்று தெரியாமல் "ஏங்க, கொஞ்சம் வாங்க" என்பேன். ஒரு நாள் லாரி டிரைவர் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, "இன்னா மேஸ்திரி, பொண்டாட்டியக் கூப்புடுற மாதிரி கூப்புடுற" என்றார். அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு எனக்கு வாய் வரவில்லை. ஸ்பேனரால் இரும்புத் தூணில் தட்ட ஆரம்பித்தேன். அந்தச் சத்தம் கேட்டால் கையைக் கழுவிக்கொண்டு வருவார்.

அவர் மிதிப்பதில் ஒரு விசேஷம் உண்டு. கால் என்ன உணர்கிறதோ அதை அப்படியே சொல்வார். "இன்னும் வழவழன்னு உள்ள போவுது." "இப்போ பாதியில நிக்குது." வேலை முடிந்தது என்றால் "கல்லு" என்பார். அந்தச் சொல் வந்த பிறகுதான் நான் டூல்ஸை எடுத்து வைப்பேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். உப்பளத்துப் பக்கம் வண்டி வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் இன்ஜினிலிருந்து வடித்த வேஸ்ட் ஆயிலை வாங்கிப் போய் வண்டியின் அடிப்பாகத்தில் பிரஷ்ஷால் தடவுவார்கள். உப்புக் காற்று தகரத்தைத் தின்னாமல் இருக்க அது ஒரு வழி. என் ஷெட்டின் பின்னால் அந்த ஆயில் டிரம் இருந்தது. கேட்காமலே வந்து மொண்டுகொண்டு போவார்கள். யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று நான் பார்த்ததில்லை.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

ஆனி மாதத்தின் கடைசி நாள். விடிந்தால் ஆடி. ஆடியில் நம் பக்கம் யாரும் புது வீட்டுக்குக் குடி போக மாட்டார்கள். சதீஷ் ஓசூரில் வேறு வீடு பார்த்திருந்தான். அம்மாவை அங்கேயே கூட்டிப்போய் வைத்துக்கொள்வது என்று முடிவு. அன்று பொழுது போவதற்குள் அவர் அந்த வீட்டில் கால் வைத்துப் பால் காய்ச்சிவிட வேண்டும். அதற்காக முந்தின நாளே, தான் வாங்கியிருந்த பழைய சின்னக் காரில் வந்துவிட்டான். இந்தச் செய்தி எனக்கு முன்பே தெரியும். "புள்ள கூப்புடுறான் மேஸ்திரி" என்று ஒரு நாள் கூழ் ஊற்றும்போது சொன்னார். நான் "நல்லதுதான" என்றேன். வேறு என்ன சொல்வது என்று அன்று முழுவதும் யோசித்தேன்.

காலையில் சதீஷ் காரைக் கொண்டுவந்து ஷெட்டில் நிறுத்தினான். பின் சீட் முழுக்கப் பாத்திர மூட்டை. துணியில் சுற்றிய சாமி படம் மேலே இருந்தது.

"மேஸ்திரி, முன்னாடி பேட் நல்லா தேஞ்சிருந்துச்சு. நேத்து சாயங்காலம் நானே மாத்துனேன். அதுலர்ந்து பெடல் பஞ்சு மாதிரி போவுது. பிஸ்டனத் தள்றப்போ நிப்பிளைத் தொறந்துட்டேன். ஏர் பூந்துடுச்சுன்னு நெனைக்கிறேன்" என்றான். நல்ல பையன். செய்ததை மறைக்காமல் சொன்னான்.

யார் கேட்டாலும் அப்படித்தான் நினைப்பார்கள். நானும் நினைத்தேன். அவனையே சீட்டில் உட்காரவைத்து ஏர் எடுத்தேன். முதலில் கொஞ்சம் குமிழ் வந்தது. பிறகு ஆயில் சுத்தமாக வந்தது. மறுபடி எடுத்தேன், அதே சுத்தம். ஆனால் பெடலை மிதித்துப் பார்த்தால் முன்பைவிடக் கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவுதான். மெத்தென்ற தன்மை போகவில்லை. உப்பளத்துப் பாதையில் ஓட்டிப் பார்த்தோம். நின்றது. ஆனால் நான் நினைத்த இடத்தில் நிற்கவில்லை.

சதீஷ் மணி பார்த்தான். "நிக்குது இல்ல மேஸ்திரி. புது பேட்டு. ஓட ஓட ஒக்காந்துக்கும். நாங்க கெளம்புறோம்" என்றான்.

அவன் சொன்னதும் பொய்யில்லை. புது பேட் டிஸ்க்கோடு படிய கொஞ்ச தூரம் ஓடத்தான் வேண்டும். இந்தப் பேச்சை நீங்களும் கேட்பீர்கள். பாதி உண்மையான பேச்சுதான் நம்மை ஏமாற்றும்.

"இன்னும் கொஞ்சம் பாக்கணும்" என்றேன்.

அவன் என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போனான். அம்மா அப்போது தன் கடை இருந்த இடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார். அடுப்புக் கல்லை எல்லாம் முந்தின நாளே எடுத்துவிட்டார். வெறும் தரையைத்தான் பெருக்கினார்.

"மேஸ்திரி, உங்ககிட்ட சொல்றதுக்கு இன்னா. எங்க வீட்டுக்காரி அடுத்த வாரம் வேலைக்குப் போறா. கொழந்தைய யாராவது பாத்துக்கணும். அம்மா இன்னைக்கு வரலைன்னா ஆடி போயி ஆவணிதான். அதுவரைக்கும் தாங்காது. அவங்க அம்மாவ வரச் சொல்லிடுவா. வந்துட்டா அவங்கதான் இருப்பாங்க. இருக்குறது ஒரு ரூமு. அப்புறம் எங்கம்மாவுக்கு அங்க எடமில்ல" என்றான். பிறகு, "அவங்க இங்க தனியா உப்பு சொமந்துகினே செத்துடுவாங்க" என்றான்.

நான் ஷெட்டுக்குள் வந்து சக்கரத்தின் பக்கம் உட்கார்ந்தேன்.

என் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். வண்டி சரியில்லை என்று என் மனம் சொல்கிறது. என்ன சரியில்லை என்று என்னால் காட்ட முடியவில்லை. காட்ட முடியாத குறையைச் சொல்லி வண்டியை நிறுத்தினால் அந்த அம்மா ஓசூர் போக மாட்டார். நாளைக் காலை உப்பளத்திலிருந்து வந்து, பெருக்கிய அதே இடத்தில் மறுபடியும் அடுப்பு மூட்டுவார். நான் தூணில் தட்டினால் கையைக் கழுவிக்கொண்டு வருவார். இதை நினைத்ததும் எனக்கு என் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. வண்டி சரியில்லை என்று சொல்வது என் தொழிலா, என் ஆசையா? என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. சரி, போகட்டும் என்று விட்டுவிட்டால், நம்மைப் பற்றித் தப்பாக நினைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் விட்டதாக ஆகும். கிருஷ்ணகிரி தாண்டினால் சாலை ஏற்றமும் இறக்கமுமாக இருக்கும். முன் சீட்டில் அவர் உட்கார்ந்திருப்பார்.

தொழிலில் எனக்கு வந்த கஷ்டமான நேரம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். உடைந்த பாகத்தைக் கழற்றிப் பார்க்கலாம். நம் மனசை எந்த ஸ்பேனரால் கழற்றுவது?

கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை. ஸ்பேனரை எடுத்துத் தூணில் தட்டினேன்.

அவர் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு வந்தார். பயணத்துக்குக் கட்டியிருந்த நல்ல புடவை. வழக்கம்போலச் செருப்பைக் கழற்றி வெளியே விட்டார். "நீ போயி ஏம்மா" என்றான் சதீஷ். "சும்மா இருடா. இது என் வேல" என்று ஏறி உட்கார்ந்தார்.

"மிதிங்க" என்றேன்.

பல முறை மிதித்தார். பிறகு பிடித்தார். பிறகு விட்டு, மறுபடி மெதுவாக மிதித்தார். அவர் என்ன சொல்வார் என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது. கல்லு என்று சொல்லியிருந்தால் சாவியைக் கொடுத்திருப்பேன். அவர் மனதிலும் ஒரு பக்கம் போக வேண்டும் என்றும், ஒரு பக்கம் வேண்டாம் என்றும் இருந்திருக்கலாம். அவர் காலில் அது எதுவும் இல்லை.

"மேஸ்திரி, இது காத்து இல்ல" என்றார். "காத்து இருந்தா மிதிக்க மிதிக்க மேல வரும். இது எத்தினி தடவ மிதிச்சாலும் அதே எடத்துலதான் நிக்குது. நின்னுட்டு, மெத்த மாதிரி திருப்பித் தள்ளுது. எதுவோ வளைஞ்சு குடுக்குது."

வளைந்து கொடுக்கிறது. அந்த ஒரு சொல் போதும். அதுவரை நான் காற்றைத் தேடிக்கொண்டிருந்தேன். வளைவதைத் தேடவில்லை. இடது முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டு அவரை மறுபடி மிதிக்கச் சொல்லி, இந்த முறை நிப்பிளைத் தொடாமல், பேட்டைப் பிடித்து அழுத்துகிற காலிபரை மட்டும் பார்த்தேன். பெடல் உள்ளே போகும்போது காலிபரின் ஒரு முனை நகர்ந்தது, மறு முனை நகரவில்லை. முழு காலிபரும் சாய்ந்துகொண்டு பேட்டை ஓர் ஓரத்தில் மட்டும் அழுத்தியது. விட்டதும் நிமிர்ந்தது. காலை மெத்தை மாதிரித் திருப்பித் தள்ளியது அதுதான். பழைய பேட் அந்தச் சாய்வுக்கு ஏற்றபடியே தேய்ந்திருந்ததால் முன்பு தெரியவில்லை, தட்டையான புது பேட் போட்டதும் காட்டிக்கொடுத்துவிட்டது.

காலிபர் வழுக்கி நகர்வதற்கு இருக்கும் இரும்புக் குச்சியை, பின் என்போம், கழற்ற முயன்றேன். விரலுக்கு வர வேண்டியது, அடித்துத்தான் வந்தது. அதன் மேலிருந்த ரப்பர், தண்ணீரில் ஊறிய கொண்டைக்கடலை மாதிரி ஊதிப்போயிருந்தது. முகர்ந்து பார்த்தேன். எரிந்த இன்ஜின் ஆயில் வாசனை. பிரேக் ரப்பருக்கு அந்த ஆயில் ஆகவே ஆகாது. ஊறிப் பெருத்துவிடும்.

"இங்க எப்படி இன்ஜின் ஆயில் வந்துச்சு?" என்றான் சதீஷ்.

எந்த டிரம்மிலிருந்து வந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சீட்டில் இருந்தபடியே அம்மா சொன்னார்.

"நான்தான்டா தடவுனேன்."

"நீயா?"

"நீ வர்றப்பெல்லாம் வண்டிய இங்கதான நிறுத்துற. உப்புக் காத்து துன்னுடும்னு, நீ தூங்குனப்புறம் தடவுவேன். எல்லாரும் செய்றதுதான? அடியில மட்டும் தடவுனா போதுமான்னு சக்கரத்துக்கு உள்ள கூட நல்லா உட்டேன்."

சதீஷ் அம்மாவையும் காலிபரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான். "பாசத்துல பிரேக்க புடுங்கிட்டியேம்மா" என்றான். அவரும் சிரித்தார். ஆனால் கால் இன்னும் பெடல் மேலேயே இருந்தது. கொஞ்சம் கழித்து, "வழியில எதாவது ஆயிருந்தா?" என்று மெதுவாகக் கேட்டார். அதுவரை மணி பார்த்துக்கொண்டிருந்தவன், அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

ரப்பரோடு புதுப் பின் வேண்டும் என்றால் திண்டிவனம் போக வேண்டும். அங்கும் கேட்டு வைத்தால் மறுநாள்தான் வரும். மறுநாள் ஆடி. இதை நான் சொல்லியிருந்தால் யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள், ஏனென்றால் அது உண்மை. ஆனால் ஷெட்டின் பின்னால், இன்ஜின் போய் ஓனர் கைவிட்டுப்போன இதே மாதிரி கார் ஒன்று தார்ப்பாய்க்குள் நின்றிருந்தது. அதன் காலிபரை நானே சர்வீஸ் செய்து வைத்திருந்தேன். அது சதீஷுக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. ஓனர், வேண்டியதைக் கழற்றிக்கொள்ளச் சொல்லித்தான் விட்டுப்போயிருந்தார்.

பின்னால் போய் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடல் பக்கமிருந்து காற்று ஆரம்பித்திருந்தது. பாத்திகளுக்கு நடுவே உப்பு அம்பாரங்கள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. அங்கே யாரும் இல்லை. தார்ப்பாயைத் தூக்கினேன்.

இரண்டு பக்கத்துப் பின்னையும் ரப்பரையும் மாற்றினேன். வலது பக்கமும் ஊறத் தொடங்கியிருந்தது. ஆயில் பட்ட இடத்தையெல்லாம் சுத்தம் செய்து, ரப்பருக்கு ஆகிற கிரீஸ் வைத்து, விரலால் தள்ளினாலே பின் வழுக்கிக்கொண்டு போகிறதா என்று பார்த்துப் பூட்டினேன். கடைசியாக ஒரு முறை ஏர் எடுத்தோம்.

"மிதிங்க."

"மிதிக்கிறேன்."

"புடிங்க."

"புடிச்சிருக்கேன்." பிறகு நான் கேட்காமலே, "கல்லு" என்றார்.

நிப்பிளை இறுக்கினேன். "விடுங்க" என்றேன்.

ஆயில் பட்ட கையைத் துணியில் துடைத்துக்கொண்டு நான் கீழேயே உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து பார்த்தால் கதவுக்கு வெளியே அவர் கழற்றி விட்ட செருப்பு மட்டும்தான் தெரியும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் "உட்டுட்டேன்" என்றார்.

சதீஷோடு உப்பளத்துப் பாதையில் போய் நன்றாக மிதித்துப் பார்த்தேன். நினைத்த இடத்தில் நின்றது. சாவியைக் கொடுத்தேன்.

கிளம்பும்போது அவர் ஷெட்டுக்குள் வந்தார். டூல்ஸ் மாட்டியிருக்கும் பலகையை ஒரு தரம் பார்த்தார். "இனிமே யாரு மிதிப்பாங்க?" என்றார்.

"டிரைவருங்க இருக்காங்க இல்ல" என்றேன்.

"அவனுங்க போன பாத்துகினே மிதிப்பானுங்க" என்றார். போய் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். இந்த முறை செருப்போடு ஏறினார். டிரைவர் பக்கம் இல்லை அல்லவா.

இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் சதீஷ் போனில் கூப்பிட்டான். வந்து சேர்ந்துவிட்டோம், பால் பொங்கிவிட்டது என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுத்தான். "ஏத்தத்துலயும் எறக்கத்துலயும் கெட்டியா நின்னுச்சு மேஸ்திரி" என்றார். "நல்லதுதான" என்றேன். அந்தப் பக்கம் குழந்தை அழுதது. வைத்துவிட்டார்.

இதிலிருந்து உங்களுக்கு என்ன சொல்வது? பேட் மாற்றிய பிறகு பெடல் மெத்தென்று போனால் காற்றை மட்டும் தேடாதீர்கள். காலிபர் சாய்கிறதா, பின் நகர்கிறதா என்று, ஒருவர் மிதிக்கும்போது கண்ணால் பாருங்கள். கடலோரத்து வண்டி என்றால் யார் எதைத் தடவினார்கள் என்று விசாரியுங்கள். வேஸ்ட் ஆயில் கேட்டு வருகிறவர்களிடம் சக்கரத்துப் பக்கம் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் அதற்குப் பிறகு டிரம்மின் மேல் பெயின்ட்டால் எழுதி வைத்தேன். அதற்காவது பேச வேண்டியதில்லை.

இதைவிடப் பெரியது இன்னொன்று இருக்கிறது. ஒரு வண்டியைப் பற்றி நீங்கள் சொல்லப்போகிற முடிவும், உங்கள் மனம் விரும்புகிற முடிவும் ஒரே பக்கம் இருந்தால், ஸ்பேனரைக் கீழே வையுங்கள். மிதிக்க வேறு ஓர் ஆளைக் கூப்பிடுங்கள். அவர் என்ன உணர்கிறார் என்று கேளுங்கள். கேட்டதற்குக் கட்டுப்படுங்கள். அதனால் உங்களுக்கு நஷ்டம் வந்தாலும்.

அவர் போன பிறகு ஒரு பிளாஸ்டிக் பாட்டிலும் டியூபும் வைத்துத் தனியாகவே ஏர் எடுக்கப் பழகினேன். டியூபின் நுனியை பாட்டிலில் இருக்கும் ஆயிலுக்குள் மூழ்கவைத்துவிட்டால் காற்று திரும்ப ஏறாது. எழுந்து போய் மிதித்து, வந்து குனிந்து பார்த்து, மறுபடி எழுந்து போக வேண்டும். இடுப்பு தேய்ந்ததில் அதற்கும் பங்கு இருக்கலாம். வேலை சரியாகத்தான் நடக்கும். பாட்டில் குமிழைக் காட்டும். ஆனால் வளைந்து கொடுப்பதைச் சொல்லாது. அதனால் முடிந்தவரை உதவிக்கு ஓர் ஆள் வைத்துக்கொள்ளுங்கள். பேச வேண்டியிருக்குமே என்று பயப்படாதீர்கள்.

ஷெட்டைக் காலி செய்த அன்று டூல்ஸ் எல்லாம் விலைக்குப் போய்விட்டது. கையில் ஒரு ஸ்பேனர் மட்டும் மிச்சம். கூழ்க்கடை இருந்த இடத்தில் அதற்குள் கூல்டிரிங்க்ஸ் கடை வந்திருந்தது. அங்கே பாட்டிலும் கையுமாக நின்றிருந்தார், முன்பு என்னைக் கேலி செய்த அதே லாரி டிரைவர். என்ன நினைத்தேனோ, தூணில் ஒரு தட்டு தட்டினேன்.

"இன்னா மேஸ்திரி, தூணையும் வெலைக்குக் குடுக்கப் போறியா? கெட்டியா இருக்குதான்னு பாக்குற?" என்றார்.

"கெட்டியாத்தான் இருக்குது" என்றேன்.